அண்ணன் டிவியில் வந்த ஞாயிற்றுக்கிழமை

அந்த வீடியோவைக் கொஞ்சம் நிறுத்துறீங்களாம்மா? தப்பா நினைக்காதீங்க. காதுல மாட்டிக்கிட்டு வேணும்னா பாருங்க, எனக்குச் சத்தம் கேக்காம இருந்தாப் போதும். தலைவலி எல்லாம் இல்ல. அது நடிகை சாரங்கிதானே? 'வந்த வழி' நிகழ்ச்சிதானே, போன ஞாயித்துக்கிழமை போட்டது? அந்த அழுகை எனக்கு மனப்பாடம். இப்ப அழுதுக்கிட்டே செருப்பைக் கழட்டி ஓரமா வைப்பா பாருங்க. வச்சுட்டாளா? சொன்னேன்ல.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல டீக்கடையில இதுதான் ஓடிச்சு. பஸ்ஸுல ஏறி உக்காந்தா உங்க கையிலயும் இதுதான். தமிழ்நாட்டுல வேற வேலையே இல்ல போல இருக்கு ஒருத்தருக்கும்.

இல்லம்மா, உங்களைச் சொல்லலை. எனக்கும் முதல்ல அந்த நிகழ்ச்சி பிடிச்சுத்தான் இருந்துச்சு. பெரிய பெரிய ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயி, உங்க தாத்தாவுக்குத் தாத்தா யாரு, எந்த ஊர்ல இருந்து பொழைக்க வந்தாருன்னு தேடிக் காட்டுறாங்க, அவங்க அழுவுறாங்க, நாமளும் கூட அழுவுறோம், நல்லாத்தானே இருக்கு. உறையூர்ல எங்க தெருவுல ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வாசல்ல ஒரு ஆள் நிக்காது. அந்த சண்டைப்பட நடிகர் வந்தாரே, அவரோட முப்பாட்டன் ஏதோ பாளையத்துல படை நடத்தினாருன்னு காட்டினாங்களே, மறுநாளே எங்க தெருவுல ஆளாளுக்கு ஒரு ஜமீன் கிடைச்சுடுச்சு. மாவு மில்லுக்காரரு எங்க பாட்டன் குதிரையிலதான் வயலுக்குப் போவாருங்கறாரு. எதிர்வீட்டு டீச்சரம்மா, காமெடி நடிகரோட பாட்டி மலேயாவுல ரப்பர் தோட்டத்துல செத்ததைப் பாத்துட்டு, எங்க சித்தப்பா ஒருத்தர் கப்பலேறினவர் திரும்பவே இல்லன்னு ஒரு வாரம் அழுதுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா இருக்கும்.

சிரிப்பு எப்ப நின்னுச்சுன்னா, அவங்கவங்க பாட்டன் கதையைச் சொல்லி முடிச்சுட்டு எல்லாரும் என் பக்கம் திரும்ப ஆரம்பிச்சாங்க. "உங்களுக்குப் பூர்வீகம் எதுங்க?" கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்ததுலேர்ந்து ஒருத்தர் கேட்டதில்ல. ஒரு டிவி நிகழ்ச்சி வந்து கேக்க வச்சுடுச்சு. எனக்கு யாரும் இல்லைங்க, சின்ன வயசுலயே எல்லாரும் போயிட்டாங்கன்னு சொல்லுவேன். யாரும் இல்லைன்னு சொன்னா மேல கேக்க மாட்டாங்கம்மா. பாவம்னு சொல்லி ஒரு காபி குடுப்பாங்க. அதோட விட்டுடுவாங்க.

இருக்காங்க. அதுதான் விஷயமே. எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். உங்க ஃபோனுக்குள்ளயே இருக்கான். சாரங்கி கட்டிப்பிடிச்சு அழுவுறா பாருங்க, வெள்ளைச் சட்டை, தடிமனா மூக்குக்கண்ணாடி, தலையில முடியே இல்லாம ஒருத்தரு, அவன்தான். நல்லுசாமி. கூடப் பொறந்தவன்.

அப்படிப் பாக்காதீங்கம்மா. முன் சீட்டுக்காரங்க திரும்புறாங்க. மெதுவாப் பேசுவோம். உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. என் பேரைச் சொல்ல மாட்டேன். உங்க ஊரையும் நான் கேக்கலை. கேட்டா நீங்க திருப்பிக் கேப்பீங்க. நான் மணச்சநல்லூர் தாண்டினதுலேர்ந்து இதையேதான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். யாருகிட்டயாவது சொல்லலைன்னா சித்தாம்பூர் கைகாட்டி வர்றதுக்குள்ள நான் மயங்கி விழுந்துடுவேன். ஆமா, அதே சித்தாம்பூர்தான். அங்கதான் போறேன்.

என் வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸ்ல இருந்தாரு. தையல் கிளாஸுக்குப் போன இடத்துல பழக்கம். அவரு ரொம்ப நல்லவரு, ஆனா அவங்க வீட்டு ஆளுங்க வேற மாதிரி. அண்ணன் சித்தாம்பூர்ல சலூன் வச்சிருக்கான், அப்பாவும் அதேதான், அவங்க அப்பாவும் அதேதான்னு சொன்னா என்னை வாசப்படி ஏத்தியிருப்பாங்களா? நான் அதுக்கு மேல விளக்க மாட்டேன். நீங்க புரிஞ்சுக்கிட்டீங்க. புரியாத மாதிரியே இருங்க. அதனால அவரு தன் வீட்ல போயி, இது அநாதைப் பொண்ணுன்னு சொல்லிட்டாரு. அநாதைப் பொண்ணுக்கு வாழ்க்கை குடுத்தா புண்ணியம்னு அவங்க அம்மாவே முன்ன நின்னு தாலி எடுத்துக் குடுத்தாங்க. இதுல நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன், சொல்லுங்க? அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். "நீ நல்லா இருந்தா சரி, நான் அந்தப் பக்கம் வரலை"ன்னான். சொன்ன சொல்லுக்கு வரலை.

ஒரே ஒரு தடவை வந்தான். நாலு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் தவறினப்ப. எதிர்ல டீக்கடைப் பக்கம் நின்னான். கையில ஒரு மாலை. வீட்டுக்குள்ள வரலை. அந்த மாலையை என்ன பண்ணான்னு தெரியலை. உள்ள சடங்கு செய்ய வந்தவருக்கு எதை எப்ப எடுத்துக் குடுக்கணும்னு அவங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியலை, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்குத் தெரியும். எங்க அப்பா செய்யறதைப் பாத்து வளர்ந்தவ, அந்த வீட்ல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரியாத மாதிரி உக்காந்திருந்தேன்.

இப்ப என் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அவளுக்காகத்தான் இந்தப் பயமெல்லாம். எனக்கென்ன, நான் வாழ்ந்து முடிச்சவ. கீர்த்தனாவைப் போன வருஷம் லால்குடியில குடுத்தேன். எங்க வீட்டுக்காரர் வழியிலேயே நல்ல எடம், மாப்பிள்ளை பிரபாகர் தங்கமான புள்ள. இப்ப ஏழு மாசம். அவளுக்கும் எதுவும் தெரியாது. மாமான்னு ஒருத்தர் சின்ன வயசுலயே செத்துட்டாருன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு.

நிச்சயம் பண்ண வந்தப்ப சம்மந்தியம்மா கேட்டாங்க. லோகநாயகின்னு பேரு. எதையும் விட்டுக்குடுக்காம செய்யிற ஆளு, பக்தின்னா பக்தி. "தாய்மாமன் யாரு? மாலை போடணுமே"ன்னாங்க. தவறிட்டாருன்னு சொன்னேன். அதோட விடுவாங்கன்னு நினைச்சேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "ஐயோ பாவம். அப்படின்னா அவருக்குப் படைச்சுட்டுத்தானே கல்யாண வேலையைத் தொடங்கணும்? தாய்மாமன் மனசு குளிரலைன்னா பொண்ணுக்கு ஆகாது. ஃபோட்டோ குடுங்க"ன்னாங்க.

ஃபோட்டோ இல்லைன்னேன். "கூடப் பொறந்தவர் ஃபோட்டோ ஒண்ணு கூடவா இல்ல?"ன்னு ஒரு பார்வை பார்த்தாங்க. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. துறையூர் ஸ்டூடியோவுல எடுத்தது, இருபத்திரண்டு வயசு இருக்கும் அவனுக்கு, சுருட்டை முடியும் மீசையுமா. இடது புருவத்துல ஒரு வெட்டு, சின்ன வயசுல கத்தி எடுத்து விளையாடினப்ப பட்டது. எடுத்துக் குடுத்துட்டேன். வேற யாரோட ஃபோட்டோவையாவது குடுத்திருக்கலாம்ல? அப்பத் தோணலையே. பயத்துல மூளை வேலை செய்யுமா?

அவங்க அதைப் பெருசு பண்ணி, சட்டம் போட்டு, சந்தன மாலை போட்டு, சின்னதா ஒரு சிவப்பு லைட்டும் போட்டு ஹால்ல மாட்டிட்டாங்க. வேட்டி துண்டு வச்சு, இலை போட்டு, அவனுக்குப் பிடிச்சது என்னன்னு கேட்டாங்க. கருவாட்டுக் குழம்புன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நல்லவேளை, பால் பாயாசம்னு சொன்னேன். உயிரோட சலூன்ல நின்னு எவனுக்கோ முகம் வழிச்சுக்கிட்டு இருக்கற எங்க அண்ணனுக்கு லால்குடியில பாயாசம் வச்சுப் படையல் போட்டோம். நானும் விழுந்து கும்பிட்டேன். சாமி, அவனுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான் கும்பிட்டேன். அதோட முடிஞ்சுதா? மாசாமாசம் அமாவாசைக்கு அவன் பேரைச் சொல்லி மொட்டைமாடியில காக்காய்க்குச் சோறு வைக்கிறாங்கம்மா அந்த மகராசி. காக்கா எடுக்கலைன்னா எனக்குப் பயம். எடுத்துட்டா அதைவிடப் பயம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க.

போன வாரம் புதன்கிழமை எங்க வீட்ல வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருக்கேன், டிவியில விளம்பரம். 'இந்த வாரம் வந்த வழியில், சாரங்கி!' ஒரு தார் ரோடு. கைகாட்டி மரம். எங்க ஊரு மாதிரி இருக்கேன்னு நினைக்கறதுக்குள்ள சலூன் வாசல். கண்ணாடி போட்ட ஒருத்தரை சாரங்கி கட்டிப்பிடிக்கிறா. எனக்குக் கத்தி விரல்ல இறங்கினது கூடத் தெரியலை. இந்தா, கட்டு இன்னும் இருக்கு பாருங்க.

நீங்கதான் முழுசாப் பாத்தீங்களே. சாரங்கியோட தாத்தா சினிமாவுல மேக்கப்மேன்னு மட்டும்தான் அவங்க வீட்ல தெரியுமாம். தேடிப் போனா அவரு சித்தாம்பூர்ல இருந்து ஓடிப்போனவராம். அவரோட அம்மா காத்தாயி. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் பிரசவம் பாத்த மருத்துவச்சி. அந்தக் காத்தாயி வம்சத்துல ஊர்ல மிச்சம் இருக்கறது நல்லுசாமி ஒருத்தர்தான்னு ஊர்க்காரங்க கையைக் காட்டிட்டாங்க. அப்படின்னா சாரங்கி எனக்கு யாரு? கணக்குப் பாத்தா தங்கச்சி முறை. எனக்குத் தங்கச்சிம்மா! இது வேற யாருக்காவது நடந்திருந்தா தெருவையே கூட்டி மிட்டாய் குடுத்திருப்பாங்க. மாவு மில்லுக்காரரு பேனரே வச்சிருப்பாரு. நான் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தேன்.

உடனே கீர்த்தனாவுக்கு ஃபோன் போட்டேன். ஞாயித்துக்கிழமை அத்தையைக் கூட்டிக்கிட்டு சமயபுரம் போயிட்டு வரலாமான்னேன். பின்னாடியிருந்து சம்மந்தியம்மா குரல் கேக்குது: "ஞாயித்துக்கிழமையா? சாரங்கி வர்றா! கோயில் எங்க ஓடிடப் போவுது?" சரி, நேர்ல போயிட வேண்டியதுதான்னு சனிக்கிழமையே போயிட்டேன். என்ன பண்றதுன்னு ஒரு திட்டமும் இல்ல. டிவி ஒயரைப் பிடுங்கலாம்னு பார்த்தா, டிவி இல்லைன்னா மாப்பிள்ளை ஃபோன்ல போட்டுடுவாரு. கடைசியில என்ன பண்ணேன் தெரியுமா? திருவானைக்கோவில்ல நல்ல தடியா ஒரு ரோஜா மாலை வாங்கிக்கிட்டுப் போயி அண்ணன் ஃபோட்டோவுக்குப் போட்டேன். புருவம், கண்ணு எல்லாம் மறைஞ்சு மூக்கும் மீசையும்தான் தெரிஞ்சுது. சம்மந்தியம்மா கண்ணே கலங்கிட்டாங்க. "அண்ணன் மேல எவ்வளவு பாசம் உங்களுக்கு"ன்னாங்க.

அந்த ஃபோட்டோ எங்க மாட்டியிருக்குன்னு சொல்லலையே. டிவிக்குப் பக்கத்துல. ஒரு முழம் தள்ளி.

பதினோரு மணிக்கு எல்லாரும் உக்காந்தாச்சு. நான் கீர்த்தனா பக்கத்துல, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு. "ஏம்மா கை இப்படி ஜில்லுன்னு இருக்கு"ங்கறா. டிவியில எங்க தெரு. நான் பொறந்த வீடு, இப்பக் குட்டிச்சுவரு. சாரங்கி செருப்பைக் கழட்டிட்டு அந்த மண்ணைத் தொட்டுக் கும்பிடுறா. சம்மந்தியம்மா முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "பாத்தியா கீர்த்தனா, எவ்வளவு பெரிய நடிகை. எங்க பூட்டி இன்ன வேலை பாத்தவங்க, நாங்க இன்ன குடும்பம்னு கூசாம சொல்றா. அதுக்கு ஒரு மனசு வேணும்"னாங்க.

எனக்கு ஒரு நிமிஷம் என்னமோ ஆச்சு. சொல்லிடலாமான்னு கூட ஒண்ணு எழும்புச்சு உள்ளேயிருந்து. அப்ப சம்மந்தி பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காமலே சொல்றாரு: "அவ சொல்லுவா. அவளுக்கென்ன, பேசினா படம் ஓடும். இந்த மாதிரி ஒண்ணு நமக்குத் தெரியாம நம்ம வீட்டுக்குள்ள வந்திருந்தா அப்பத் தெரியும் உன் மனசு." சம்மந்தியம்மா, "ஐயய்யோ, வாயைக் கழுவுங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு உக்காந்திருக்கு"ன்னு அதட்டினாங்க. மாப்பிள்ளை சிரிச்சாரு. கீர்த்தனா சிரிச்சா. நானும் சிரிச்சேன். எல்லாரும் நிறுத்தின பிறகும் நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த வீடியோவுக்குக் கீழ என்னென்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சீங்களா? பாதிப் பேரு இதயம் போட்டிருக்கான். மீதிப் பேரு, அதை எப்படிங்க உங்ககிட்ட சொல்றது, அதானே பாத்தேன்னு ஒருத்தன், கத்தியைத் தூக்கச் சொல்லுன்னு ஒருத்தன். சாரங்கிக்கு ரசிகருங்க இருக்காங்க, ஒருத்தன் திட்டினா ஆயிரம் பேரு திருப்பித் திட்டுறாங்க. என் பொண்ணை ஒருத்தன் சொன்னா யாரும்மா திருப்பித் திட்டுவா?

சரி, கேளுங்க. அண்ணன் வந்தான் டிவியில. எனக்கு ஃபோட்டோவையும் டிவியையும் மாறி மாறிப் பாக்கக் கூடாதுன்னு தெரியுது, ஆனா கண்ணு போகுது. நல்லவேளை, கண்ணாடிச் சட்டம் புருவத்தை மறைச்சுது. வயசாயிட்டான்மா. ரொம்ப வயசாயிட்டான். சாரங்கி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குறா: "உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

அவன் கேமராவைப் பாத்தான். என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் சொன்னான்: "ஒரு தங்கச்சி இருந்துச்சும்மா. தவறிடுச்சு."

சாரங்கி அழுதுட்டா. "இனிமே நான்தாங்க உங்க தங்கச்சி"ன்னு அவன் தோள்ல சாஞ்சா. வயலின் போட்டாங்க பின்னாடி. லால்குடியில ஹாலே அழுவுது. பேப்பர் படிச்சவரு கூட மூக்கை உறிஞ்சினாரு. "பாவம், ஒத்தை மனுஷன்"னு சம்மந்தியம்மா சொன்னாங்க.

நான் தப்பிச்சேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நிமிஷம் அந்தச் சாரங்கி மேல ஒரு கோவம் வந்துச்சு பாருங்க! நேத்து கார்ல வந்து இறங்கினவ, நீ யாருடி அவன் தோள்ல சாயிறதுக்கு? நான் காய்ச்சல்ல கிடந்தப்ப துறையூர் ஆஸ்பத்திரிக்குத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடினவன்மா அவன். அப்புறம் ஒரு பயம் பிடிச்சுது. இதுவரைக்கும் இருந்த பயம் இல்ல, இது வேற. என்னைக் காப்பாத்தச் சொன்னானா, இல்ல நெசமாவே அவனுக்கு நான் செத்துட்டேனா? செத்துட்டேன்னு சொன்னா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. அப்படி மனசைத் தேத்திக்கிட்டேன்.

அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் இந்த பஸ்ஸுல வர்றேன்? அந்த நிகழ்ச்சி கடைசியில ஒரு கல்லைக் காட்டினாங்களே, கைகாட்டிக்குப் பக்கத்துல புளியமரத்தடியில? காத்தாயி கல்லு. வயித்துப் புள்ளையோட மூணு சுத்து சுத்தினா சுகப்பிரசவம் ஆகும்னு ஒரு கிழவி சொல்லுச்சே? நான் பொறந்து வளர்ந்த ஊரும்மா அது. அந்தக் கல்லு மேல நாங்க பாவாடை காயப்போடுவோம். டிவிக்காரங்க வந்தப்புறம் மஞ்சள் பூசிச் சாமியாக்கிட்டாங்க போல. எங்க அண்ணன் விளக்குப் போடுறானாம். சம்மந்தியம்மா எந்திரிச்சு நின்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க டிவியைப் பார்த்து. "கீர்த்தனாவை அங்க கூட்டிட்டுப் போயே ஆகணும். அந்தப் பெரியவர் கையால திருநீறு வாங்கணும்"னு நின்னுட்டாங்க. அவங்க மட்டும் இல்ல, இந்த ரோட்டுல நாலு நாளா கார் போற போக்கைப் பாருங்க, எல்லாம் அந்தக் கல்லுக்குத்தான்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை வர்றாங்க. கீர்த்தனா சின்ன வயசுல நான் இருந்த மாதிரியே இருப்பா. அண்ணன் பாத்தவுடனே கண்டுபிடிச்சுடுவான். அவன் ஒரு வார்த்தை தவறி விட்டாப் போதும். இல்ல, கண்ணாடியைக் கழட்டி முகம் துடைச்சாப் போதும், சம்மந்தியம்மாவுக்குப் புருவம் ஞாபகம் வந்துடும். ஏழு மாசப் புள்ளையோட என் பொண்ணைப் பொட்டியோட திருப்பி அனுப்பிடுவாங்க. அதான் இன்னைக்கே போயி, நாளைக்கு ஒருநாள் மட்டும் கடையைப் பூட்டிட்டு எங்கயாவது போயிடுண்ணான்னு கால்ல விழுந்து கேக்கப் போறேன். கேப்பான். நான் சொல்லி அவன் எதைக் கேக்காம இருந்தான்?

இருங்க, ஃபோன் அடிக்குது. கீர்த்தனா.

ஹலோ. என்னம்மா? எங்க? இன்னைக்கேவா? எப்ப கிளம்பினீங்க? நான்... நான் கடைக்கு வந்தேன்மா, பஸ் சத்தம், ஆமா. அத்தைகிட்டக் குடு. வணக்கங்க. ஆமாங்க. சரிங்க. அப்படியா... யாரு பேசணும்? வேண்டாங்க, எதுக்குங்க, அவருக்கு எதுக்குச் சிரமம்...

ம்.

ம்.

சரிங்க. ரொம்ப நல்லதுங்க.

தண்ணி இருக்காம்மா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க.

வந்துட்டாங்க. அங்கதான் நிக்கிறாங்க, கல்லுகிட்ட. நாளைக்கு மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல மீட்டிங்காம், அதனால இன்னைக்கே கார் எடுத்துட்டாங்களாம். கீர்த்தனா சுத்தி முடிச்சுட்டாளாம். பெரியவர் திருநீறு பூசிட்டு அவ தலையில வச்ச கையை எடுக்கவே இல்லையாம் ரொம்ப நேரம். சம்மந்தியம்மாவே அவளைக் கால்ல விழுந்து கும்பிடச் சொன்னாங்களாம். எங்க அண்ணன் கால்ல! அப்புறம் சம்மந்தியம்மா சொல்றாங்க, "இவரை எங்கயோ பார்த்த மாதிரியே இருக்குங்க". அவங்களே சிரிக்கிறாங்க, "டிவியில பாத்ததுதான், வேறென்ன". "இவளுக்குத் தாய்மாமன் இல்லன்னு சொன்னேன், பெரியவருக்கு மனசு கேக்கலை. படையல் போட்டதை எல்லாம் கேட்டுக்கிட்டாரு. பொண்ணோட அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணுங்கறாரு"ன்னு ஃபோனைக் குடுத்துட்டாங்க.

அவன் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு. அவங்க எல்லாரும் பக்கத்துல நிக்கிறாங்கல்ல, வேத்து ஆள்கிட்டப் பேசுற மாதிரியே பேசினான். "அம்மா, உங்க பொண்ணு நல்லபடியாப் பெத்துப் பொழைக்கும். மகராசியா இருக்கு"ன்னான். ம்னேன். "உங்க அண்ணன் தவறிட்டாருன்னு சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான், தங்கச்சி இல்ல. உங்களுக்கு அண்ணன் இல்ல, எனக்குத் தங்கச்சி இல்ல. இதுல இனிமே யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்க பயப்படாம இருங்க"ன்னான்.

அந்த நேரம் பாத்து கண்டக்டர் "அடுத்தது கைகாட்டி"ன்னு கத்தினாருல்ல? அவனுக்குக் கேட்டிருக்கு. அப்புறம், "நீங்க இவ்வளவு தூரம் வர வேண்டாம்மா"ன்னான். நான் கேட்க வந்ததை அவனே குடுத்துட்டான். சரிங்க, ரொம்ப நல்லதுங்கன்னேன். எங்க அண்ணன்கிட்ட நான் அவ்வளவுதான் சொன்னேன்.

விசில் ஊதுறாரு. ஸ்லோ பண்றான். வந்துடுச்சா? ஐயோ, அந்தப் புளியமரம் ரோட்டை ஒட்டியே இருக்கும்மா. வெள்ளைக் கார் நிக்குதா? நான் குனிஞ்சுக்கிறேன். நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாஞ்சு உக்காருங்க, புண்ணியமாப் போவும். கண்டக்டர் கேட்டா நீங்களே சொல்லிடுங்க, இந்தம்மா இங்க இறங்கலை, துறையூர் வரைக்கும் வர்றாங்க, டிக்கெட்டை மாத்திக் குடுங்கன்னு. நான் தலையைத் தூக்கலை.

யாராவது இறங்குறாங்களா? சீக்கிரம் இறங்கச் சொல்லுங்களேன்.

அந்தக் கூட்டத்துல வெள்ளைச் சட்டை தெரியுதா? கண்ணாடி போட்டவரு. பஸ்ஸைப் பாக்குறாரா?

வேண்டாம். இப்பச் சொல்லாதீங்க. பஸ் கிளம்பினதும் சொல்லுங்க.